ஆயுத பூஜையன்று ஒரு அப்கிரேடு

காலை எட்டு இருபது. ஆர்ஹூஸ் அலுவலகத்தில் என் திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் ஒரு வரியின் பாதியில் நின்றன. கடலூரில் அப்போது நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. செம்மண்டலத்தில் அக்காவும் மாமாவும் நடத்தும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர் அது. டென்மார்க்கிலிருந்து அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த வேலை பாதியில் நின்றால் மெஷின் மறுபடி எழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மறுநாள் விடிந்ததும் கடலூரிலும் சிதம்பரம் கிளையிலும் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வெளியே போன நம்மில் பலருக்கும் வீட்டில் ஒரு வேலையை விட்டுவைத்திருப்பார்கள். ஒருவர் அப்பாவின் பென்ஷனைப் பார்ப்பார், இன்னொருவர் தங்கையின் வரன்களை. எனக்கு மிஞ்சியது இந்த சர்வர். அதற்கும் சென்ற வாரம் ஆபத்து வந்தது. உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்குக்குப் பதில் சொன்னது, ஆனால் உள்ளே விடவில்லை. மாமாவை அழைத்தேன்.

“லைட்டு எரியுதே மச்சான்.”

“ஸ்க்ரீன்ல என்ன தெரியுது மாமா?”

“ஸ்க்ரீன ரிசப்ஷனுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டோமே. டோக்கன் நம்பர் காட்டணும்ல?”

திரையைத் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. டிஸ்க் நிரம்பியிருந்தது, சிஸ்டமோ தயாரித்தவர்களே கைவிட்ட பழைய பதிப்பு. இடத்தைக் காலி செய்து ஓட்டிவிட்டேன். அக்கா போனை வாங்கினாள். “இன்னொருவாட்டி நின்னுச்சுன்னா சிதம்பரத்து கம்ப்யூட்டர் கடை ஆளுகிட்ட குடுத்துடலாங்கறாரு உங்க மாமா. அப்புறம் என்னச் சொல்லாத.”

ஆகவே அப்கிரேடுக்கு நாள் பார்த்தேன். என் அலுவலகத்தில் சர்வரைத் தொட இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பொறுப்பாளர் கோடை வீட்டுக்குப் போயிருந்தால் அது புகைந்தாலும் தொடமாட்டார்கள். விடுமுறை என்றால் கட்டிடத்தில் விளக்கே எரியாது. அந்தப் பழக்கத்தில்தான் காலண்டரைப் புரட்டினேன். ஆயுத பூஜைக்குக் கூடம் மூடியிருக்கும், யாரும் கை வைக்கமாட்டார்கள்.

அன்று எழுத்துகள் நின்றதும் அக்காவை அழைத்தேன். “அக்கா, சர்வர யாராவது தொட்டீங்களா?”

“ஓடுற மெஷினுக்கு எப்படிடா பொட்டு வெப்பாங்க? ஆஃப் பண்ணித்தான் வெச்சோம்.”

“தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“வேல செய்யவா தொட்டோம்? சாமி கும்புடத்தானே தொட்டோம். கத்தாத, நல்ல நாளு.”

சின்ன வயதில் இந்த நாளில் என் சைக்கிளும் சந்தனம் பூசிக்கொண்டு பூட்டி நிற்கும். அது எனக்கு நினைவுக்கு வந்தபோது மெஷினின் படமும் வாட்ஸாப்பில் வந்தது. காற்று போகும் துளைகள்மேல் சந்தனம், குங்குமம். தலையில் சாமந்தி மாலை. எதிரே பொரி, கடலை. பக்கத்து மேசை ஹென்ரிக் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “எத்தனை வயது அதற்கு?” என்றார்.

“ஒன்பது.”

“நீண்ட காலம் உழைத்திருக்கிறது,” என்று தலை குனிந்தார். அது சாவு மாலை அல்ல என்று விளக்க என் டேனிஷ் போதவில்லை. விளக்கும் பொறுமையும் இல்லை.

மறுநாள் மறுபூஜை போடாமல் மெஷினை எடுக்கக் கூடாது என்றாள் அக்கா. நாளைக்கு ரிப்போர்ட்டை யார் தருவது என்றேன். “சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்று மாமா மாலையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை, மூலையில் இரண்டு வரி. வீடியோ அழைப்பில் அந்த இரண்டு வரியைத் தவிர, அவருடைய கட்டைவிரல் உட்பட எல்லாம் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. மாமா என்னிடம் கேட்கவில்லை. சிதம்பரத்துக்குப் போன் போட்டார். பாஸ்கர் என்ற அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் பென் டிரைவோடு பஸ் ஏறி வந்து, பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்தார்.

மறுநாள் மாமா அழைத்தார். “ஜோரா ஓடுது மச்சான். நீ எதுக்கும் கஷ்டப்படாத, இனிமே அவுரே பாத்துப்பாரு. வெளிநாட்டுலேருந்து எவனெவனோ ராப்பகலா உள்ள பூரப் பாத்துருக்கானுங்களாம். ஜாஸ்தி ஆயிடுச்சாம். எல்லாத்தையும் அடச்சுட்டாரு. ஒரு வெளிநாட்டுக்காரன் உள்ள வர முடியாது!”

“நல்லது மாமா,” என்றேன்.

போனை வைத்துவிட்டு, வழக்கம்போல் சர்வரின் முகவரியைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்கும் இடம் வரைகூடப் போகவில்லை. அது இப்போது இந்தியாவுக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கிறது.