குப்பைக்கூடை சிஸ்டர்

என் சித்தி அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நோயாளியைக் கட்டிலில் ஏற்றியதுமே கூட வந்தவரைப் பிடித்துக்கொள்வாள். "வீட்டுல இருக்கிற குப்பைக்கூடைய அப்படியே தூக்கிட்டு வாங்க. வாய் பொய் சொல்லும், குப்பை சொல்லாது." இதைச் சொல்லும்போது மூக்கு லேசாக விடைக்கும். அந்த மூக்கு இல்லாமல் அவளைப் போலப் பேசிக் காட்டவே முடியாது. நானும் எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன்.

ஒரு நாள் தையல்காரர் ஒருவர் தன் காலாலேயே நடந்து வந்தார். இரண்டு நாளாகப் பல்வலி, காலையிலிருந்து வாந்தி. ஊசி போட்டதும் வாந்தி நின்றது. செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"அதான் நின்னுடுச்சே சிஸ்டர். நாற்பது யூனிஃபார்ம் நாளைக்குக் குடுத்தாகணும்."

"உங்க வீட்டம்மா வரட்டும்ண்ணே, போகலாம்."

சித்தி போனில் சொன்னபடியே மனைவி குப்பைக்கூடையோடு வந்தார். துணித் துண்டு, நூல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சித்தி காலி மாத்திரை அட்டைகளைப் பொறுக்கி மேசையில் வரிசையாக வைத்தாள். பல்வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று. பல்வலி அடங்க இரண்டு நாளில் இருபத்தெட்டு மாத்திரை!

"மூணும் வேற வேற மாத்திரைதானே?" என்றார் அவர்.

"பேருதாண்ணே வேற. பின்னாடி பொடி எழுத்தப் பாருங்க. மூணுலயும் பாராசிட்டமால்."

"நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"இப்ப நல்லாத்தான் இருப்பீங்க. ரெண்டு நாள் சும்மா விட்டுட்டு, அப்புறம் ஈரலக் காவு வாங்கிடும்."

டாக்டரிடம் அட்டைகளோடு ஓடினாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் விஷமுறிவு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. முடிவு வந்தபோது ஈரல் பாதிப்பைக் காட்டும் கணக்கு எகிறியிருந்தது. "இங்கேயே இருங்க" என்று மனைவி கெஞ்சினார். தையல்காரர் மசியவில்லை.

"என் செருப்பு எங்க?"

"தேடிட்டிருக்கோம்ண்ணே."

மறுநாள் கணக்கு இன்னும் ஏறியது. அதைக் கேட்டபின் அவர் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். மூன்றாம் நாள் கணக்கு இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

சித்தி மேசைக்கு அடியில் குனிந்து அதே குப்பைக்கூடையை இழுத்தாள். துணித் துண்டுகளுக்கு அடியில் செருப்பு.

"அடிப்பாவி!" என்றார் தையல்காரர். பிறகு சிரித்தார்.

"பல்வலி எப்படிண்ணே இருக்கு?"

"உன்னப் பாத்த பயத்துலயே ஓடிப்போச்சும்மா."

"அது திரும்பி வரும். போற வழியிலேயே பல் டாக்டரப் பாத்துடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு, கூடையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.