அத்தை மடியில் போன வாரக்கோழி

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முப்பத்தேழு நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வற்றிப்போன ஏரியின் மேல் வந்த காற்று அனலாக அடித்தது. வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ் எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் பத்து நாற்பதுக்குத்தான் நிற்கவேண்டும். அன்று மூன்று நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. அந்த மூன்று நிமிடத்துக்கு நாங்கள் தயாராக இல்லை. அதிலிருந்து அத்தை இறங்கினாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் அவள் மகளின் கல்யாணப் பத்திரிகை.

எங்கள் தோட்டத்தில், கவிழ்த்து வைத்த கூடைக்குள், அத்தையின் கோழி வயிறு வீங்கி உட்கார்ந்திருந்தது. எனக்கு அப்போது வயது பத்து.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள், மாமா அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதினார். அம்மாவிடம் அவள் இரண்டு கோழிகளை வாரத்துக்கு விட்டிருந்தாள், ஒன்று கருப்பு, ஒன்று செவலை. எங்கள் பக்கத்தில் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் அப்படி விடுவதுண்டு. தாய்க்கோழி கொடுத்தவருக்கே சொந்தம். தீனி போட்டு வளர்ப்பது வாங்கியவர் பொறுப்பு. பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. ஆகவே வாரக்கோழி செத்துப்போனால் பெரிய சங்கடம். விற்றுவிட்டார்களோ, குழம்பு வைத்துவிட்டார்களோ என்று யாரும் நினைக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் செத்த கோழியை நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் புதைப்பார்கள்.

அம்மா காட்டவில்லை. முந்தின வருஷம் ஐப்பசியில் கருப்பு, வெள்ளைக் கழிச்சல் கண்டு ஒரே ராத்திரியில் செத்தது. மற்ற வீட்டுக் கோழிகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று விடிவதற்குள் எலுமிச்சை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். பொங்கலுக்கு வந்த அத்தை, சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்துக் கேட்டாள்: "கருப்பு சும்மா செத்துதா, கொயம்பு சட்டியில வுயுந்து செத்துதா?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். செவலையும் தன் கையில் செத்தால், இனிமேல் அத்தை வீட்டு வாசலைத் தான் மிதிப்பதில்லை என்று.

அப்பாவுக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை. வைகாசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். அப்பா பெண்ணுக்குத் தாய்மாமன். சீர்த்தட்டோடு முன்னால் நடக்கவேண்டியவள் அம்மா. அவள் வரவில்லை என்றால் சீர் எப்படிப் போகும், போனாலும் எந்த முகத்தோடு போகும்? ஒரு கோழியின் உயிரில் ஒரு கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

செவலையின் நோயை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். வீட்டில் முட்டைகளை எண்ணுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. முட்டை நின்று இருபத்துநாலாம் நாள், அது வாத்தைப்போலக் காலை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்தேன். வயிறு தரையைத் தொடுகிறாற்போலத் தொங்கியது. அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சிவந்து பளபளத்தது. கொண்டை வெளுத்து, நுனி மட்டும் நீலம் பூத்திருந்தது. முட்டையிடப் போவதுபோல் வைக்கோலில் உட்காரும், வெகுநேரம் கழித்து எழுந்திருக்கும். கீழே ஒன்றும் இருக்காது.

பக்கத்துவீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு வேறுமாதிரி சொன்னாள். "வயிறு பூரா முட்டை கீது. எனுக்கு அடைக்கு ஒம்போது எடுத்து வெச்சிடு."

சித்தப்பா, அப்பாவின் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவர். எதற்கும் சுலபமான வழி அவரிடம் இருக்கும். "நாளிக்கி சாவப்போறத இன்னிக்கே அறுத்தா கறியாவது மிஞ்சும் அண்ணி" என்றார்.

"உங்கக்கா சொன்னத நெசமாக்க சொல்றியா?" என்றாள் அம்மா.



நான் வைத்தியம் ஆரம்பித்தேன். சின்ன வெங்காயமும் மிளகும் நசுக்கிக் கொடுத்தேன். மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிறார்களே என்று கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுத்தேன். வெந்நீரில் உட்காரவைத்தேன். தினமும் காலையில் வயிற்றைச் சுற்றிச் சணல் வைத்து அளந்தேன். முடிச்சு நகர்ந்துகொண்டே போனது. நான் விரும்பிய பக்கம் ஒரு நாளும் நகரவில்லை. ஆனாலும் செவலை சாகவில்லை. அதைக் கூடைக்குள் விடும்போதெல்லாம் அம்மா, "கல்யாணம் முடியறவரிக்கும் இருந்துடு தாயி" என்பாள். கோழியைத் தாயே என்று கூப்பிடுவது எனக்கு அதிகப்படியாகத் தோன்றியது.

அத்தை பத்திரிகை வைக்க வருகிறாள் என்று தகவல் வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உண்டானது. கூடையைத் தூக்கவே கூடாது, கோழி மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது சித்தப்பா கட்சி. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அம்மா கட்சி. சொன்னதற்குச் சாட்சி வேண்டும் என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டேன். அந்தச் சாட்சி நானே.

அத்தை மோர் குடித்தாள். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைத் தட்டில் வைத்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தாள். கைகழுவப் போகிறவள்போல எழுந்து நேரே தோட்டத்துக்கு வந்துவிட்டாள்.

"எங்க என் செவல?"

"அண்ணி, அதுக்கு ஒடம்பு செரியில்ல" என்றாள் அம்மா. கூடையைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ஒன்று, என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அத்தை கூடையைத் தூக்கினாள். குந்தி உட்கார்ந்து செவலையைத் தன் பக்கம் இழுத்து, அதன் வயிற்றுக்கடியில் கையை வைத்தாள். விரல்கள் மெல்ல அழுத்தின, விட்டன, அந்தப் பக்கம் போய் அழுத்தின. இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறாள் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வரை போனது. பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அத்தை குரலை உயர்த்தினாள். வேலிக்கு அப்பால் இரண்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"இன்னாமா, கோயிய இப்டி கொயுக்க வெச்சிக் கீற. உள்ள பூரா முட்டை."

"இல்ல அண்ணி, முட்டை வுட்டே ஒரு மாசம் ஆச்சி. அது நோவு."

இரண்டு.

"நோவாம் நோவு. நான் எட்துக்கினு பூடுவேன்னு பயம் உனுக்கு. எனுக்கே கதயா?"

"சத்தியமா அண்ணி. எட்துக்கினு போனா வயியிலயே செத்துப்பூடும்."

மூன்று.

"செத்தா என் கோயி. உனுக்கு இன்னா? இன்னிக்கே எட்துக்கினு போறேன்."

வேலிக்கு மேல் பெரியம்மாவின் தலை தெரிந்தது. "அதுல ஒம்போது முட்டை எனுக்குன்னு சொல்லிக் கீறேனே."

"வாலாஜாபாத் பஸ் புடிச்சி வந்து வாங்கிக்கினு போ" என்றாள் அத்தை.

சித்தப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ் மூன்றே காலுக்கு. சித்தப்பா செவலையின் கால்களைக் கட்டி, எல்லோரும் தூக்குகிறபடி தலைகீழாகத் தூக்கப் போனார். அத்தை அவர் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள். "வுட்றா. தூக்கற லட்சணத்தப் பாரு." கட்டை அவிழ்த்தாள். அம்மாவிடம் பழைய புடவை ஒன்று கேட்டு வாங்கி நாலாக மடித்தாள். அதில் செவலையை நிமிர்த்தி உட்காரவைத்து, கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, பூ வெச்சி பொட்டு வெச்சி வுடட்டா? பொண்ண அயிச்சிக்கினு போறாமாரி கீது" என்றார் சித்தப்பா.

"உனுக்கு இதாண்டா பொண்ணு. மூக்கும் முயியும் பாத்துக்க."

பஸ்ஸில் கண்டக்டர் தகராறு செய்தார். கோழி என்றால் சீட்டுக்கு அடியில் போகவேண்டும், மடியில் வைத்தால் லக்கேஜ். ஒரு கட்டுக் கீரைக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிற அத்தை, சுருக்குப்பையை அவிழ்த்துப் பதினைந்து பைசாவை எடுத்துப் பேசாமல் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் முழங்கைக்கு மேலாகச் செவலையின் வெளுத்த கொண்டை தெரிந்தது. நோயாளிக் கோழிக்கு டிக்கெட் வாங்கிப் போகிறாள் பார் என்று நானும் சித்தப்பாவும் பஸ் ஏரிக்கரை திரும்பும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

பிறகு சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. பொய் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தரம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, சாட்சியும் உண்டு. சாகப்போகிற கோழி எங்கள் வீட்டை விட்டுத் தானாகவே போய்விட்டது. "ஜெயிச்சிட்டோம்டா" என்று சித்தப்பா எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சீர்த்தட்டு எத்தனை வைக்கலாம் என்று என்னிடம் கணக்குக் கேட்டாள். இருபத்தொன்று என்று முடிவானது.

வைகாசிக் கல்யாணத்தில் அந்த இருபத்தொரு தட்டில் முதல் தட்டு அம்மா கையில் இருந்தது. மேளக்காரர்களுக்குப் பின்னால் அவள் நடந்துபோனதை நான் கூட்டத்துக்குள் ஓடி ஓடி முன்னாலிருந்தும் பார்த்தேன், பக்கவாட்டிலும் பார்த்தேன். அதன்பின் அத்தை வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். நாலு கோழிகள் மேய்ந்தன. செவலை இல்லை. பந்தியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலன்று எங்கள் கூடத்தில் சிரித்த ஒன்பது பேரில் ஏழு பேர் அங்கே இருந்தார்கள். செவலை எங்கே என்று அவர்கள் காதில் விழும்படியே அத்தையிடம் கேட்டேன். அத்தை அகப்படும் இடம் இதுதான் என்று எனக்குத் தெரியும்.

அத்தை சாம்பார் வாளியைக் கீழே வைக்கவில்லை. "வித்துட்டேன்டா. விக்கறதுக்கு முன்ன பதிமூணு முட்டை வெச்சிது. உங்கம்மா வளத்த கோயி வேற எப்டி இருக்கும்? கருப்பும் பாவம், கயிச்சல் வந்து பூட்ச்சி. இல்லன்னா அதுவும் வெச்சிருக்கும்."

ஏழு பேரும் கேட்டார்கள். ஒருவர், "அப்ப எனக்கும் ரெண்டு கோழி வாரத்துக்கு வளத்துக் குடும்மா" என்று அம்மாவிடமே கேட்டார். அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் சித்தப்பாவை முழங்கையால் இடித்தேன். ஏமாந்ததை மறைக்க அத்தை எப்படிப் புளுகுகிறாள் என்று இருவரும் ரசித்தோம். அத்தையை வென்ற குடும்பம் நாங்கள் என்ற பெருமை எனக்குப் பல வருஷம் இருந்தது. அம்மாவும் அத்தையும் அதற்குப் பிறகு சாகும்வரை சண்டை போட்டதில்லை. தோற்ற பயம்தான் காரணம் என்று அதற்கும் எனக்கு விளக்கம் இருந்தது.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. வீட்டுக்குப் பின்னால் ஏழு கோழிகள் வைத்திருக்கிறேன். போன மாதம் அதில் ஒன்று முட்டையை நிறுத்திக் காலை அகட்டி நடந்தது. ஆட்டோ பிடித்து உத்திரமேரூர் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். இறங்கும்போது வழக்கப்படி இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினேன். வாசலிலிருந்த டாக்டர், என் பேத்தி வயதுப் பெண், வேகமாக வந்து கோழியைக் கையில் வாங்கி நிமிர்த்தினாள்.

"தலைகீழா புடிக்காதீங்க ஐயா. வயித்துல தண்ணி கோத்திருக்கு. கவுத்தா அது நெஞ்சை அமுக்கும், மூச்சு நின்னுடும். இப்படி நிமித்தி மடியில வெச்சுக்குங்க."

"முட்டை இல்ல, தண்ணிதான்னு எப்படிம்மா தெரியுது?"

அவள் வயிற்றுக்கடியில் கையை வைத்து எடுத்தாள். "கோழி வளர்த்தவங்களுக்குக் கை வெச்சாலே தெரியுமே. முட்டைன்னா கல்லு மாதிரி விரல்ல தட்டும். இது தண்ணிப் பை."

அதற்கு மூன்று எண்ணிக்கை ஆனது. நான் எண்ணினேன்.

பெஞ்சில் உட்கார்ந்து கோழியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். அத்தை வைத்துக்கொண்டிருந்த மாதிரியேதான் என் கைகளும் இருந்தன. முப்பது வருஷம் கோழி வளர்த்தவள் அவள். தண்ணீர் என்று அவள் விரலுக்குத் தெரிய மூன்று எண்ணிக்கைகூட வேண்டியிருக்காது. மிச்சப் பத்தொன்பதில் அவள் யோசித்தது செவலையைப் பற்றி இல்லை, அம்மாவைப் பற்றி. அந்தக் கோழி பதிமூன்று முட்டை வைத்திருக்க வழியே இல்லை.

ஊசிக் குழாய் வைத்து டாக்டர் தண்ணீரை எடுத்தாள். கோழி கழுத்தை நீட்டி நன்றாக மூச்சு விட்டது. வைத்தியம் இலவசம். வெளியில் வாங்கிய ஊசிக்கு இருபத்தைந்து. ஆட்டோவுக்குப் போக வர முந்நூறு, இருநூற்றைம்பதுதான் நியாயம். ஆக மொத்தம் முந்நூற்றிருபத்தைந்து ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தேன்.