சத்தம் தராதபோது அமுங்கிய பட்டன்

முருகேசன் உள்ளே வந்ததும் கம்பெனிக் கடிதத்தை நீட்டினார். "நான் நடிக்கிறேங்கறாங்க மேடம். காதுல கோளாறு இல்லைன்னு நீங்க எழுதிட்டா வேலை போயிரும்ங்க."

செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் ஒரு ஆஸ்பத்திரியில், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் நான். கால்சென்டர் பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொண்டு வந்து குவிந்த காலம் அது. இவர் சேலத்துக்காரர், மல்லாபூர் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். ஒரு நாளைக்கு இருபது தடவை தலை சுற்றுமாம். சில நொடிதான், உடனே சரியாகிவிடுமாம். கம்பெனியில் யார் நம்புவார்கள்?

சவுண்ட் ப்ரூஃப் அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னேன். அமுக்கினால் வெளியே என் மெஷினில் விளக்கு எரியும். முதலில் ஒழுங்காக அமுக்கினார். திடீரென்று, நான் சத்தமே தராதபோது விளக்கு படபடவென்று எரிந்தது. நிஜமாகவே நடிக்கிறார் போல என்று எரிச்சல் வந்தது. 'பதில்களை நம்ப முடியாது' என்று எழுதிவிட்டுக் கதவைத் திறந்தேன். செகந்திராபாத்தில் வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று எங்கள் ஊர் உருது கலந்து வந்தது.

"கைக்கு இப்படி அமுக்குறீங்க? விளையாட்டு நக்கோ!"

"விளையாடலீங்க மேடம். வலது காதுல டிக்டிக்குனு அடிச்சுதுங்க, நீங்க குடுக்கறதுன்னு நெனச்சேன். கூடவே தலையும் சுத்திருச்சுங்க."

"சுத்தும்போதெல்லாம் இந்தச் சத்தம் வருமா?"

"ஆமாங்க. யாரும் கேக்கலீங்க."

எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு இ.என்.டி. டாக்டரிடம் ஓடினேன். கேட்கவும் நிலை தடுமாறாமல் நிற்கவும் உதவும் நரம்பை ரத்தக்குழாய் ஒன்று அழுத்துகிறதோ என்று அவர் சந்தேகப்பட்டார். எம்.ஆர்.ஐ.யில் வலது பக்கம் ரத்தக்குழாய் ஒன்று வளைந்து அந்த நரம்பைத் தொடுவது தெரிந்தது. நான் துள்ளினேன்.

"அவசரப்படாதீங்கம்மா. நல்லா இருக்கறவங்களுக்கும் இந்த வளைவு இருக்கும். அவர் சொன்ன கதைதான் முக்கியம். மாத்திரைக்குக் கேக்குதான்னு பார்ப்போம்" என்றார் டாக்டர்.

கேட்டது. தலைசுற்றல் குறைந்து குறைந்து நின்றேவிட்டது. அதுவரை கிரேனை விட்டுத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்த முருகேசன், டாக்டரின் சான்றிதழோடு சில மாதம் கழித்துக் கிரேன் ஏறினார். அதைச் சொல்ல வந்தவரிடம் அன்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க திட்டுனதாலதானுங்க வாயே தொறந்தேன்" என்று சிரித்தார்.

அது அவருடைய பெருந்தன்மை. பயந்துபோய் "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், நான் கையெழுத்துப் போட்டு அவர் பிழைப்பைக் கெடுத்திருப்பேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பட்டன் தப்பாக அமுங்கினால் முதலில் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். எதிர்த்துப் பேசி என்னைக் காப்பாற்றிய அந்த மனிதருக்கு நான் காலம் முழுக்க நன்றி சொல்வேன்.