டாலி சேர்த்துவைத்த ஜோடிகள்

எங்கள் பகோர் ஊர்ச் சந்தையிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் தெருவில், முடிதிருத்தும் கடைக்கும் கோழி பொரிக்கும் கடைக்கும் நடுவே இருந்தது, வேப் என்கிற மின்சிகரெட் விற்கும் டாலியின் கடை. யார் போய் இரண்டு பேட்டரி கேட்டாலும் உள்ளேயிருந்து முதலில் ஒரு கேள்வி வரும்.

“ஜோடியா, தனித்தனியா?”

ஜோடி என்று சொல்லிவிட்டால் போச்சு. எவ்வளவு அவசரமாக வந்தவனும் முக்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். டாலி ஒரே பெட்டியில் வந்த இரண்டு புது பேட்டரிகளை எடுப்பாள். மீட்டரை வைத்து இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்ப்பாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, நகச்சாயக் குப்பிகளில் ஒன்றை எடுத்து, இரண்டின் உறையிலும் ஒரே நிறத்தில் பட்டையாகப் பூசுவாள். நடுவில் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

“சொல்லு. இதுங்கள பிரிக்க மாட்டேன்.”

“பிரிக்க மாட்டேன், அக்கா.”

“இதையும் சொல்லு. ஒண்ண மட்டும் யாருக்கும் இரவல் குடுக்க மாட்டேன். சார்ஜ் போட்டா சேர்த்துதான் போடுவேன். மேல இருந்தத அடுத்த தடவ கீழ வெப்பேன். உறை கிழிஞ்சா அன்னைக்கே கொண்டாந்து குடுத்துடுவேன்.”

“ஐயோ ஃபாதர் டாலி, என் சொந்தக் கல்யாணத்துலகூட இத்தன கேள்வி கேக்கல!”

“அதனாலதான் உன் பொண்டாட்டி தினமும் அழறா. காசை வெச்சிட்டுக் கெளம்பு.”

இதைக் கேட்க வெளியே எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அந்த நாட்களில் எங்கள் ஊர் இளைஞர்களின் கையில் பித்தளைக் குழாய்கள் மின்னின. அந்தக் குழாய்க்குள் மூளை என்று ஒன்றும் கிடையாது. பேட்டரி, பட்டன், மேலே சூடாகும் சுருள், அவ்வளவுதான். அழுத்தினால் பேட்டரியில் இருப்பதெல்லாம் அப்படியே சுருளுக்குப் பாயும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட்டரி அடுக்கினால் பாய்ச்சல் இரட்டிப்பாகும், புகையும் மலைபோல் எழும். தப்பு நடந்தால் தடுக்க மட்டும் உள்ளே யாரும் இல்லை.

டாலியின் மேலுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. எந்த உதட்டுச்சாயமும் அதை மறைக்காது. ஒரு காலத்தில் அவள் சந்தையில் நகம் அலங்கரிப்பவளாக இருந்தாள். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய புதிதில், ஒரு புது பேட்டரியோடு ஒரு பழையதைச் சேர்த்துக் குழாயில் அடுக்கினாள். வாயு வெளியேற அந்தக் குழாயில் ஒரு துளைகூட இல்லை. இளைத்த பேட்டரியைத் தெம்பானது பிழிந்து எடுத்தது. வெடித்தபோது குழாய் அவள் வாயில் இருந்தது.

முன்பற்கள் இரண்டு போயின. நிச்சயமாகியிருந்தவன் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்து பார்த்தான். மறுமுறை வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி டாலி அழுத அழுகையை எந்தப் பேட்டரி கணக்கில் எழுதுவது! அழுது முடித்து எழுந்தவள்தான் இந்தக் கடையைத் திறந்தாள். நகச்சாயக் குப்பிகளையும் கூடவே கொண்டுவந்தாள்.

அந்தத் தழும்பை அழகு என்று சொன்ன ஒரே மனிதன் தேபான். பக்லாரன் போகும் தடத்தில் ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டுபவன். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே குழந்தை இயேசுவும், அவர் காலடியில் வாடாத மல்லிகைச் சரமும் எப்போதும் இருக்கும். நல்லவன். நல்லவன் என்பதுதான் அவனுடைய ஒரே குறை. அவனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. மழையில் நனைபவனுக்குக் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைவான். காசில்லாமல் ஏறிய பள்ளிப் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்குவான்.

“என்னைக் கட்டிக்கோ, டாலி” என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டான்.

“எவன் கேட்டாலும் எல்லாத்தையும் எடுத்துக் குடுக்குற. கடைசில எனக்குன்னு உன்கிட்ட என்னய்யா மிச்சம் இருக்கும்?” என்பாள் அவள். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் இருக்கும். அவன் போன பிறகு தழும்பை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள்.

தேபானின் ஜோடிக்கு ஊதா நிறம். அதே நிறத்தைத் தன் சுண்டுவிரல் நகத்திலும் டாலி பூசியிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஆண்கள்!

அந்த ஆண்டு ஊர்த் திருவிழாவில் கூடைப்பந்து மைதானத்துக் கூரையின் கீழ் மேகப் போட்டி வைத்தார்கள். யார் விடும் புகை நீளமோ அவருக்கு ஒரு மூட்டை அரிசி. தேபான் வெல்வதற்கு முன்பே அந்த அரிசியை ஜீப்னி நிறுத்தத்துக்காரர்களுக்குப் பங்கு போட்டுத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டான்!

போட்டிக்குச் சில நாள் முன்னால் நிறுத்தத்தில் அவன் நண்பன் எல்யோவின் பேட்டரி தீர்ந்துபோனது. எல்யோவின் மகளுக்குத் தேபான் ஞானத்தந்தை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் ‘பாரே’ என்றுதான் அழைப்பார்கள். அந்த உறவில் கேட்டால் இல்லையென்பது எங்கள் ஊரில் பெரும் அவமதிப்பு.

“பாரே, ஒரே ஒரு பேட்டரி குடு. நாளைக்கு அப்படியே திருப்பித் தர்றேன்.”

தேபான் ஒரு கணம் தயங்கினான். பிறகு குழாயைத் திறந்து ஜோடியில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அதை எல்யோ சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டான். உறை கிழிந்தது, ஓரம் நசுங்கியது. நண்பன் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கம் அவனைத் தின்றது. தன்னிடம் இருந்த பழைய பேட்டரி ஒன்றை எடுத்தான். அதே கம்பெனி, அதே நிறம். மனைவியின் ஊதா நகச்சாயத்தை எடுத்துப் பட்டையும் பூசினான். மறுநாள் தேபான் கையில் வைத்தபோது தேபான் பார்க்கக்கூட இல்லை. பாரே கொடுத்ததைச் சோதித்துப் பார்ப்பார்களா?

போட்டியன்று மேடையருகே மேசை போட்டு டாலி எல்லோருடைய பேட்டரிகளையும் சோதித்தாள். தேபானின் ஜோடி மீட்டரில் துல்லியமாக ஒரே அளவு காட்டியது. முழுச் சார்ஜ் ஏறியபின் கிழடும் இளசும் ஒரே கணக்குத்தான் சொல்லும். “போ. அரிசி வாங்கிட்டு வா” என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எல்யோ பாக்கெட்டுக்குள் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டான்.

முதல் சுற்று. தேபானின் புகை தூண்வரை போய் மோதியது. கூட்டம் கூவியது. அடுத்த சுற்றிலும் அவனே. இறுதிச் சுற்றுக்கு முன் மேல்கீழ் மாற்றி வைக்க டாலியிடம் குழாயைக் கொடுத்தான்.

திறந்தாள். ஒரு பேட்டரி இளஞ்சூடு. மற்றது கையில் பிடிக்க முடியாமல் சுட்டது.

சட்டென்று மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பட்டையைப் பார்த்தாள். சாயம் திட்டுத்திட்டாக, ஓரமெல்லாம் வழிந்து கிடந்தது.

“இது என் கை இல்ல” என்றாள் மெதுவாக. “தேபான்… யாருக்குக் குடுத்த?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எல்யோ வந்தான். பாக்கெட்டிலிருந்து கிழிந்த உறையோடு ஒரு பேட்டரியை எடுத்து நீட்டினான்.

“நாந்தான் டாலி. கீழ போட்டுட்டேன். சொல்ல வாய் வரல. பாரே, என்னை அடிச்சிடு.”

ஒலிபெருக்கி அலறியது. “இறுதிச் சுற்று! தேபான், மேடைக்கு வா!”

நிறுத்தத்து ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அவன் பாரேதான். “ஒரே ஒரு இழுப்புதான, பாரே! இவ்ளோ நேரம் தாங்கினது இன்னும் ஒரு தடவ தாங்காதா?” தேபான் அவர்களைப் பார்த்தான், மேடையோரம் இருந்த அரிசி மூட்டையைப் பார்த்தான். அவன் கை தன்னால் மேசைப் பக்கம் நீண்டது.

டாலி முந்திக்கொண்டாள். அதே இரண்டு பேட்டரியையும் துணியால் பிடித்துக் குழாயில் போட்டு மூடித் தன் உதட்டருகே கொண்டுபோனாள்.

“அப்ப மொதல்ல நான் அழுத்தறேன். எனக்குத்தான் ஏற்கெனவே பழக்கம். நீ நின்னு பாரு.”

“டாலி!”

அப்படி ஒரு கத்தலை அந்த மைதானம் கேட்டதில்லை. பாய்ந்து பிடுங்கினான். குழாயைத் திருகித் திறந்து, பேட்டரிகளை மேசையடியில் இருந்த மண் நிரப்பிய வாளியில் கொட்டினான். கண்களில் நீர் வழிந்தது.

கடைக்கு அடிக்கடி வரும் ஒரு கல்லூரி இளைஞன் ஓடிவந்தான். “அண்ணே, இந்தாங்க என் ஜோடி. போய் ஜெயிங்க!”

“வேணாம் தம்பி. அது உன்னோடது. யாருக்கும் குடுக்காத.” பிறகு நிறுத்தத்து ஆட்களிடம் திரும்பினான். குரல் உடைந்தாலும் சொல் உடையவில்லை. “முடியாது, பாரே. என்னால முடியாது.”

தேபான் வாயில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதே இல்லை. அரிசி பக்கத்து ஊர் இமுஸ்காரன் ஒருவனுக்குப் போனது.

அந்தப் பழைய பேட்டரி வெடித்திருக்குமா? தெரியாது. மண்ணில் சத்தமில்லாமல் ஆறிப்போனது. டாலி அதையும், அதோடு சூடேறிய துணையையும், எல்யோவின் கிழிந்ததையும் அழிக்கக் கொடுப்பதற்காகத் தனித்தனி டப்பாவில் எடுத்து வைத்தாள். எல்யோவை அடிக்கவில்லை. ஒரு தட்டு நிறையப் பன்சித் நூடுல்ஸ் கொடுத்து, “தின்னு. அடுத்த தடவ சாயத்துக்கு முன்னாடி வாயைத் திற” என்றாள்.

மறுநாள் காலை தேபான் கடைக்கு வந்தான். “ஒத்த பேட்டரி போடற சின்னது ஒண்ணு குடு, டாலி. எனக்கு அது போதும்.”

“உக்காரு.”

உட்கார்ந்தான். டாலி இழுப்பறையைத் திறந்து ஊதாக் குப்பியை எடுத்தாள்.

“பேட்டரிதான் ஒண்ணாச்சே, சாயம் எதுக்கு?”

“கையைக் குடு.”

அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள். நடுவில் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பூசி முடித்து, தன் சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான், அத்தனை காலத்துக்குப் பிறகு, அந்த மடையன் அவள் நகத்தைப் பார்த்தான்.

“சொல்லு” என்றாள் டாலி. தழும்பு இருந்த உதடு துடித்தது.

“பிரிக்க மாட்டேன், அக்கா” என்று வாசலில் நின்ற கூட்டம் அவனுக்கு முன்பாகவே சொல்லிவிட்டது.