பாலம் வந்தால் கண்ணை மூடு

பிள்ளைகளே, போன வாரம் போனில் எதையோ பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஓடிவந்து என் லுங்கியைப் பிடித்து இழுத்தீர்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீடு மாதிரி இருக்கிற வண்டியில் ஊர் ஊராகப் போகிறது, ஜன்னல் வழியாக ஒரு நாய் தலையை நீட்டிக்கொண்டு காற்று வாங்குகிறது. "நாமளும் லீவுக்கு கேரவன்ல போவலாம்பா" என்றான் பெரியவன். "ஐயே, கேரவன் சினிமாக்காரங்ககிட்டதான் இருக்கும்" என்றாள் சின்னவள். நான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பா செலவுக்கு யோசிக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். அதில்லை. அப்படி ஒரு வண்டியில் நாயோடு நான் போயிருக்கிறேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கடலூர் முதுநகரில் வாடகைக்கு இருந்தோம். நான் மூன்றாவது படித்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, லோடு அடிக்கிற குட்டியானை வண்டி ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். ஒருநாள் துறைமுகத்தில் ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு செவலை நாய் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டு எங்கள் வீடு வரை வந்துவிட்டது. இறக்கினால் திரும்ப ஏறியது. "சம்பளம் கேக்காத கிளீனர் கெடச்சிருக்கான்க்கா" என்றார் மாமா அம்மாவிடம். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. கிளீனர்.

பெயருக்கேற்ற வேலையும் அது செய்தது. மாமா வண்டியைப் பின்னால் எடுத்தால் பின்பக்கமாக ஓடிப்போய் நின்று விடாமல் குரைக்கும். சுவரோ தந்திக்கம்பமோ பக்கத்தில் வந்தால் இன்னும் வேகமாகக் குரைக்கும். வண்டி மறுபடி முன்னால் நகர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார்.

ஆனால் வீட்டுக்காரரைக் கிளீனருக்கு ஆகாது. வெள்ளை வேட்டியைத் தூரத்தில் பார்த்தாலே உறுமும். ஒரு நாள் வாடகை வாங்க வந்தவரின் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டது. அவர் மகள் பிரசவத்துக்கு வருகிற சமயம் வேறு. "நாயா, வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள எனக்கு பதில் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கிளீனரைச் சங்கிலியில் கட்டினார். அம்மாதான், "நாயக் கையில பிடிச்சிகிட்டு நடுத்தெருவுலயா நிக்கிறது? கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையையும் நாயையும் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார்கள். தண்ணீரைத் தாண்டினால் வாசனை அறுந்துபோகும், வீட்டுக்கு வழி தெரியாது என்று ஒரு நம்பிக்கை. மாமா முதலில் கெடிலம் ஆற்றைத் தாண்டி அக்கரையில் கொண்டுபோய் விட்டார். அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலில் கிளீனர் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடாமல் கொண்டுபோனதுதான் தப்பு, ஆற்றைப் பார்த்துவிட்டது என்று அவரே கண்டுபிடித்தார். கண்ணை மூட வேண்டும், ஒரு ஆறு போதாது, வெள்ளாறும் கொள்ளிடமும் இரண்டுமே தாண்ட வேண்டும்.

இதெல்லாம் நான் பெரியவனான பிறகு உங்கள் பாட்டி சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். லீவுக்கு மாமா வண்டியிலேயே டூர் போகிறோம், வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம், கிளீனரும் உண்டு. நாயைத் தனியாகக் கொண்டுபோனால் நான் அழுது ஊரைக் கூட்டுவேன் என்று மாமா போட்ட திட்டம் அது. அந்த வண்டியில் இருந்தவர்களில் எதற்காகப் போகிறோம் என்று தெரியாதவர்கள் நானும் நாயும்தான்.

வண்டியின் மேலே இரும்பு வளையம் வைத்து நீலப் படுதா போட்டார் மாமா. உள்ளே பாய், தலகாணி, ஸ்டவ், தண்ணீர்க்குடம், முறுக்கு டின். பேட்டரியில் ஒயர் இழுத்து ஒரு பல்பும் தொங்கியது. நான் தெருப்பையன்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாமா, கக்கூஸ் எங்க?" என்று கேட்டேன்.

"வெளிய எட்டிப் பாருடா மாப்ள. ஊரு பூரா நமக்குத்தான்" என்றார்.

முன்னால் மாமாவும் அம்மாவும். பின்னால் அப்பாவும் நானும் கிளீனரும். கிளம்புவதற்கு முன் மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். "பாலம் வந்தா ஆரன் அடிப்பேன். ஒடனே கிளீனர் கண்ண நல்லா பொத்திக்கணும். தண்ணியப் பாத்தா அதுக்குத் தலை சுத்தும், வாந்தி எடுக்கும். செய்வியா?" அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு படுதாக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் செய்வேன் என்றேன்.

முதுநகர் தாண்டியதும் ஒரு வாய்க்கால். அது ஆறே இல்லை. அதற்கே மாமா ஹாரன் அடித்துவிட்டார். நான் இரண்டு கையாலும் கிளீனரின் கண்களைப் பொத்தினேன். அது அசையாமல் இருந்தது. அதன் இமை என் உள்ளங்கையில் குறுகுறுத்தது இப்போதும் நினைவிருக்கிறது.

வண்டி ஓர் இடத்தில் நிலையாக நிற்கவில்லை. நின்றால் கிளம்பும், கிளம்பினால் நிற்கும். முதலில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினோம். அங்கே மீன் இறங்கும் இடத்தில், ஆறு தாண்டாவிட்டாலும் போகிறது என்று, அப்பா சங்கிலியை அவிழ்த்துவிட்டார். "இங்க மீனு கெடைக்கும், பட்டினி கெடக்காது" என்றார் மாமா. கிளீனர் ஒரு சங்கரா மீனைக் கவ்விக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் வைத்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த ஊர்ல நாய்ங்க ஜாஸ்தியா இருக்குடா. எல்லாம் சேந்து இதக் கொதறிப்புடும்" என்றார். சரி என்று கிளம்பினோம்.

புவனகிரிப் பக்கம் ஒரு வயல் ஓரத்தில் நிறுத்தினோம். "இங்க நெழலே இல்ல" என்றார் அம்மா. இன்னொரு இடத்தில், "ரோட்டு ஓரம், லாரிக்காரன் அடிச்சிட்டுப் போயிடுவான்." மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி எந்த ஊருக்கும் ஒரு குறை இருந்தது. நாயை விட்டுவிட்டு வாருங்கள் என்று முதலில் சொன்னவரே அவர்தான். மாமா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே, "அக்கா, நீ சொல்ற மாதிரி எடம் வேணும்னா இதுக்கு ஒரு வீடுதான் வாங்கிக் குடுக்கணும்" என்றார். அம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாய்க்கு எதற்கு வீடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஹாரன் கேட்டது. நான் கண்ணைப் பொத்தினேன். படுதாவின் இடுக்கு வழியே ஆறு தெரிந்தது. அத்தனை தண்ணீர், வெயில் பட்டுத் தகதகவென்று. எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் டூர் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போவதா? தலை சுற்றினால் சுற்றட்டும் என்று விரல்களைக் கொஞ்சம் விரித்தேன். கிளீனர் பார்த்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா என் விரல்களைப் பார்த்தார், மாமாவிடம் சொல்லவில்லை. "நல்லா மூடுடா" என்றுகூடச் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சமைத்தோம். ஒவ்வொருவராகக் கோயிலுக்குப் போய்வந்தார்கள், ஏனென்றால் ஒருவர் நாயோடு இருக்க வேண்டும். அப்பா உட்காரவே இல்லை. டயரைத் தட்டிப் பார்த்தார், டீசல் இருக்கிறதா என்றார், மறுபடி டயரைத் தட்டினார். "மாமா, அது புது டயரு, ஒண்ணும் ஆவாது, செத்த ஒக்காருங்க" என்றார் என் மாமா. அம்மா தயிர்ச்சோற்றைப் பிசைந்து, எங்களுக்கெல்லாம் போடுவதற்கு முன் கிளீனருக்குப் போட்டார்.

மறுநாள் காலையில் கொள்ளிடத்தைத் தாண்டினோம். அங்கேயும் நான் விரல்களை விரித்துதான் வைத்திருந்தேன். அக்கரையில் லாரிகள் நிற்கிற ஒரு பரோட்டாக் கடை. பக்கத்தில் புளியமரம், நல்ல நிழல். அம்மாவுக்குச் சொல்லக் குறை எதுவும் கிடைக்கவில்லை.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. கிளீனர் ஓடிப்போய் அதன் பின்னால் நின்று குரைக்க ஆரம்பித்தது. கடைக்காரர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து பார்த்தார். "இன்னாங்க இது, லாரி கிளீனர் மாதிரி வா வா, ஓல்டான்னு சொல்லுது!" லாரி டிரைவர் இறங்கி அதற்கு ஒரு பரோட்டா வாங்கிப் போட்டார். மாமா கடைக்காரரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ பேசினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ள, நம்ம கிளீனருக்கு வேலை கெடச்சிடுச்சுடா! இங்க வர்ற லாரிங்களுக்கெல்லாம் இவன்தான் இனிமே ஆளு. சோறு, தங்க எடம் எல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்க."

"நம்ம வீட்டுக்கு வராதா?"

"லீவு கெடைச்சா வருவான்."

எனக்கு அழுகை வரவில்லை. பெருமையாக இருந்தது. கிளீனரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒழுங்காக வேலை பார்க்க வேண்டும், யார் வேட்டியையும் இழுக்கக் கூடாது என்று சொன்னேன். அப்பா சங்கிலியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். அது உள்ளே போகாமல் வெளியே தொங்கியது. அம்மா ஏற்கெனவே முன்சீட்டில் போய் உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வாசலிலிருந்து ரோட்டுக்குப் போக வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கிளீனர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பரோட்டாவை விட்டுவிட்டு ஓடிவந்தது. வழக்கம்போலப் பின்னால் நின்று குரைத்தது. புளியமரம் பக்கத்தில் வந்ததும் வேகமாகக் குரைத்தது. மாமா நிறுத்தினார். பிறகு வண்டியை முன்னால் எடுத்தார். வேலை முடிந்தது என்று கிளீனர் வாயை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. துரத்திக்கொண்டு வரவில்லை. நான் கை தட்டினேன். மடங்கிய ஒரு காது மட்டும் நிமிர்ந்தது.

பாலம் வந்தது. மாமா பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டார். என் கை தானாக எழுந்தது, பொத்துவதற்கு நாய் இல்லை. எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் அவர் கண்களைப் பொத்தினேன். விளையாடாதே என்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கை ஈரமானது. அப்பாவுக்கு ரொம்ப வேர்க்கிறது என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் பொத்தினேன். அப்பாவுக்கும் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு விரல்களை விரிக்கவில்லை. இறுக்கமாகவே மூடியிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும், எங்கள் நாய் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பையன்களின் அப்பாக்களே வெளிநாட்டில்தான் இருந்தார்கள். "லீவுக்கு எப்ப வரும்?" என்று மட்டும் ஒருவன் கேட்டான். நானும் காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷமே வீட்டுக்காரர், மகளுக்கு வேண்டும் என்று அந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார். புது வீடு எங்கே என்று கிளீனருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சொல்லி அனுப்பிட்டேன்டா" என்றார் மாமா. அதையும் நம்பினேன்.

தாத்தாவிடம் இதையெல்லாம் கேட்காதீர்கள். கேட்டால் டீவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்.

நீங்கள் கேரவன் கேட்ட மறு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். சிதம்பரத்தில் நிற்கவில்லை. கொள்ளிடம் அக்கரையில் இப்போது அந்தப் பரோட்டாக் கடை இல்லை, செல்போன் கடை இருக்கிறது. புளியமரம் இருக்கிறது. நாய் ஒன்றையும் நான் தேடவில்லை. இத்தனை வருஷம் எந்த நாயும் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டே, ஒரு நாய் நடக்கிற வேகத்தில், பாலம் முழுக்க வடக்கே வீட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.