சமையலறைக்கு மேலே ஒரு வாய்க்கால்

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழை தொடங்குகிற சமயம், ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற பாதையில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. சரிவை வெட்டிச் சமன்படுத்திக் கட்டிய வீடு. மேலேயும் இடப்பக்கமும் ஓர் அண்ணாவின் காபித் தோட்டம். நடுவில் முள்கம்பி வேலி. என் கணவருக்குச் சேலத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் மலையேறுவார்.

புயல் என்றால் கடலோரத்துக் கவலை என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்க வேண்டும். கரையேறிய புயல் எங்களிடம் வரும்போது காற்றைத் தொலைத்துவிட்டு வெறும் தண்ணீராக வரும். அதற்கு முந்தைய வருடம் பாதையில் ஓரிடத்தில் மண் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து, என் சமையலறைக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு மூச்சு விடுவதுபோலவே எனக்குத் தோன்றும்.

அதனால் அந்த வருடம் முன்கூட்டியே இறங்கினேன். தகரக் கூரையின் போல்ட்டுகளை முடுக்கி, கூரைமேல் சாய்ந்த சில்வர் ஓக் மரக் கிளைகளை இறக்கி, பத்திரங்களைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தேன். கடைசியாக, வீட்டுக்கு இன்சூரன்ஸ். போனில் பேசியவர் குரல் தேனாக இருந்தது. மண் சரிந்தால் பணம் உண்டா என்று கேட்டேன். எல்லாம் பாலிசியில் இருக்கிறது என்றார். திரும்பக் கேட்டேன். திரும்ப அதையே சொன்னார். நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக் கைவிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அவர் கேட்டது வீட்டின் நாலு பக்கப் படம்தான் என்றாலும், நான் மண்மேடு, வேலி, வேலிக்கல் எல்லாவற்றையும் போனில் எடுத்துத் தள்ளினேன்.

அன்றிலிருந்து மேல்தோட்டத்து அண்ணா என்னோடு பேசவில்லை. தினமும் "காபி ஆச்சுங்களா?" என்று வேலியோரம் கேட்கிறவர், என்னைக் கண்டால் மிளகுக் கொடிக்குப் பின்னால் திரும்பிக்கொண்டார். நாலைந்து நாள் கழித்து, என் சமையலறைக்கு நேர் மேலே வேலியை ஒட்டி வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார்.

மழைக்கு முன்னால், ஒரு சொல் சொல்லாமல், என் தலைக்கு மேலே வாய்க்கால். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வேலியின் இடப்பக்க மூலைவரை வந்து நின்ற வாய்க்காலுக்குப் போக்கிடமே இல்லை. அதையும் படம் எடுத்து இன்சூரன்ஸ்காரருக்கு அனுப்பினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீரைத் திருப்பி வீடு விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விசாரணை நடக்கும் என்றார். நிமிர்ந்தால், வேலிக்கு மேலே நின்று அண்ணா தன் போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அவரை எடுத்தேன். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மழை ஒரு விடியலில் வந்தது. கரண்ட் போனது, பாதை அடைபட்டது, கணவரின் போன் எட்டவில்லை. பத்து மணி வாக்கில் பின்கதவைத் திறந்தால், மேட்டின் விளிம்பில் செந்தண்ணீர் தளும்பி நிற்கிறது. இலையும் சேறும் சேர்ந்து வாய்க்கால் முட்ட நிரம்பிவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தால் கரை உடைந்து என் சமையலறைமேல்தான் இறங்கும்.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஓடினேன். அண்ணா மண்வெட்டியோடு மூலையில் நின்றிருந்தார். வழக்கம்போல நான் போனைத்தான் வெளியே எடுத்தேன். அவருக்குப் பின்னால் குடைபிடித்து நின்ற அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

"மாத்தி மாத்தி போட்டோ புடிச்சது போதுமுங்க. வந்து தழையை வாருங்க."

குனிந்து வாரினேன். ஆனால் கண் முழுக்க அந்த மண்வெட்டிமேல்தான். அந்த மூலையில் தண்ணீரை இரண்டு பக்கம் திறந்துவிடலாம். கீழ்ப்பக்கம் வெட்டினால் என் வீடு. இடப்பக்கம் வெட்டினால் அவர் அந்த வருடம்தான் நட்டிருந்த காபிக் கன்றுகள். அவர் ஓங்கினார்.

தன் பக்கத்தை வெட்டினார். தண்ணீர் பாய்ந்தது, கன்றுகள் வரிசையாகச் சாய்ந்து சேற்றுக்குள் போயின. அவர் அதைப் பார்க்கவில்லை, அகலமாக வெட்டிக்கொண்டே இருந்தார்.

"கன்னெல்லாம் போகுதேங்கண்ணா" என்றேன்.

"போகட்டுங்க. ஊட்ட வித்தது வித்துப்போட்டீங்க. அதுக்குன்னு ஊட்டுமேல தண்ணிய உட முடியுங்களா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. இந்த மலையில் யாராவது நிலத்தைப் படம் எடுத்தால், அடுத்த மாதம் ரிசார்ட்டுக்காரர் வருவார்; அதற்கடுத்த மாதம் வேலி நகரும். நான் வீட்டை விற்றுவிட்டேன் என்றே நம்பிவிட்டார். எல்லை நகராமல் இருக்கத்தான் அந்த வாய்க்கால்.

விற்கவில்லை, இன்சூரன்ஸ் என்றேன். மழையில் முகத்தை வழித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உங்கூட்டு இன்சூரன்ஸுக்கு எங்க தோட்டத்து வேலிய எதுக்குங்க புடிக்கோணும்?"

நான் குனிந்து மறுபடியும் தழையை வாரினேன். அவர் மனைவி மட்டும் குடைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் இடப்பக்கத் தோட்டத்தைத் தாண்டி ஓடும் ஓடையில் போய்ச் சேரும்படி வாய்க்காலை நீட்டினோம். மழைக்கு முன்னால் இரண்டு வீடும் சேர்ந்து தூர்வாருகிறோம். பாலிசி புதுப்பிக்கப் படம் எடுக்கும்போது அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். எடுத்த ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்க்கிறார். வேலிக்கல் படத்துக்குள் வந்திருந்தால் அழிக்கச் சொல்கிறார். தேன்குரல்காரர் போன முறை, படத்தில் மண்வெட்டியோடு நிற்பவர் யார் என்று கேட்டார்.

எங்களுக்குள் சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேகம் கறுக்கும்போதெல்லாம், நான் விற்றுவிட்டதாக அவர் நம்பிய வீட்டுக்காகத் தன் கன்றுகள்மேல் தண்ணீரைத் திருப்பிய அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன்; எந்தப் பாலிசியிலும் இல்லாத தைரியம் வருகிறது.