ஆவாரம்பூ வைத்தியச்சி

"நீ எந்த ஊருளா? கப்பல்ல வந்தியா, இங்கனயே கெடந்தியா?"

உப்பளத்து வரப்பில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஜெப்ஸி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செடியை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இலையைத் திருப்பிப் பார்க்கிறாள், கசக்கி முகர்கிறாள். உள்ளூர்ச் செடிதான் என்று தீர்ப்பானதும் நாலு விதைகளை உருவிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். உப்பு வாரப் போகும் பெண்கள் அவளைக் கடக்கும்போது கொஞ்சம் விலகியே நடக்கிறார்கள்.

தூத்துக்குடியில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தெட்டு வருட வேலை. வந்திறங்கும் சரக்கு எந்த நாட்டில் பிறந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் தொழில். அந்தப் புத்தி வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. குரோட்டன்ஸ், காகிதப்பூ, பணம் கொடுத்துப் பதித்த புல்தரை எல்லாம் ஒரே வாரத்தில் நாடு கடத்தப்பட்டன. அந்த இடத்தில் இப்போது அடும்புக்கொடி மணலில் ஓடுகிறது. எருக்கும் தும்பையும் சிறுபூளையும் தம் இஷ்டத்துக்கு நிற்கின்றன. மதில் ஓரத்தில் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது. குழாயில் தண்ணீர் வராத வாரங்களிலும் இவை வாடுவதில்லை. பட்டாம்பூச்சிகளும் வருகின்றன. ஆனால் குப்பை வண்டியோடு வரும் பேச்சித்தாய்க்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "யக்கா, இந்தக் காட்ட வெட்ட தனியா ஆள் வைக்காதிய. நானே அரை மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்" என்றாள்.

தன்னைக் கேலி செய்ய ஜெப்ஸிக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. "உள்ளூர்ச் செடிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கேன். எம் பேரப் பாருங்க. ஜெப்ஸி பர்னாந்து! போர்ச்சுக்கல்காரன் விட்டுட்டுப் போனது. ஞாயப்படி மொதல்ல என்னையத்தான் வேரோட பிடுங்கணும்."

கண்ணால் காணாத எதையும் அவள் நம்புவதில்லை. ஜெபத்தில் கட்டி கரைந்தது என்று யாராவது சாட்சி சொன்னால், "பழைய ஸ்கேன் இருக்கா, புது ஸ்கேன் இருக்கா?" என்று கேட்பாள். வாட்ஸ்அப்பில் வரும் மூலிகை அற்புதங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்க மறுப்பு எழுதி அனுப்புவாள். அவற்றை இதுவரை ஒருவரும் படித்ததில்லை.

செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தாள். இலத்தீன் பெயர்களை ஆடுகூட நின்று பார்க்கவில்லை. சரி, நாலு பேர் வரட்டும் என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு வரி கூட்டினாள். ஆவாரையின் அடியில், 'சர்க்கரை நோய்க்கு மக்கள் பயன்படுத்துவது' என்று எழுதினாள். 'மக்கள்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தன் பகுத்தறிவைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

மறுவாரமே வாசலில் கூட்டம். "பூ கெடைக்குமா டீச்சர்?" அவள் டீச்சர் இல்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தெரு அவளுக்கு ஆவாரம்பூ வைத்தியச்சி என்று பட்டம் கட்டியது. அவள் மறுத்தாள். மறுப்பு வாசல் கதவைத் தாண்டிக் கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் மறுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எழுதியதை ஜனங்கள் படித்திருக்கிறார்கள்!

இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெனிஸ்டன் விசைப்படகு மெக்கானிக். தினமும் ஒரு கை பூ பறித்துக்கொண்டு போவார். ஒரு நாள் கால்விரலில் துணி சுற்றி நொண்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பேபி.

"ஏளா ஜெப்ஸி, ஒம் பூவக் குடிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து இவிய மாத்திரைய நிப்பாட்டிட்டாவ. இப்ப வெரலு கறுக்குது."

"மாத்திரைய ஏன் அண்ணாச்சி நிப்பாட்டுனிய?"

"ஆஸ்பத்திரி வரிசையில பாதி நாள் நிக்கணும். அங்கன படகுல இஞ்சினப் பிரிச்சுப் போட்டுட்டு நாலு பேரு எனக்காகக் காத்துக் கெடப்பான். அதோட, ஒம் போர்டப் பாத்தேன். சாமியாரு சொன்னாலே நம்பாதவ எழுதி வச்சிருக்கா. அப்ப உண்மையாத்தான் இருக்கும்!"

ஜெப்ஸி குனிந்து அவர் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

அவளே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். சர்க்கரை நானூற்றுச் சொச்சம். "எந்த வைத்தியர்கிட்ட போனீங்க?" என்று மருத்துவர் கத்தினார். பெனிஸ்டன் பெருமையாக ஜெப்ஸியைக் கைகாட்டினார். இனி ஒரு வாரம் மாத்திரை தவறினாலும் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் அவளைப் பார்த்தே சொன்னார்.

திரும்பி வந்ததும் பலகைகளைப் பிடுங்கி எறிந்தாள். கோபம் அடங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். அதை வாங்க நிற்கும் பாதி நாள் கூலியை யார் தருவது? படித்தவனுக்கு ஒரு போன் போதும், கிரீஸ் கையோடு நிற்பவனுக்கு வரிசை. சாயங்காலமும் மருந்து கொடுக்கச் சொல்லி மூன்று மனு போட்டிருக்கிறாள். நாலாவது மனுவின் தொடக்கத்தில், 'ஒரு போலி வைத்தியச்சி எழுதிக்கொள்வது' என்று போட்டு, பிறகு அடித்துவிட்டாள்.

பலகைகள் போய்விட்டன. பெனிஸ்டனின் நம்பிக்கை போகவில்லை. "ஒனக்கு டாக்டரக் கண்டு பயம். அதான் மாத்திப் பேசுத" என்கிறார். பூ குடிப்பதை நிறுத்தவில்லை. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவதை பேபி கண்டுபிடித்துச் சொன்னாள்.

ஆகவே அலுவலகம் கிளம்பும் முன், தினமும் காலையில் ஜெப்ஸி அவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறாள். பெனிஸ்டன் மாத்திரையைப் போட்டு, செம்புத் தண்ணீரைக் குடித்து, முழுங்கியாச்சு என்று கையை விரிக்கிறார். காரணமும் ஆதாரமும் காட்டி ஊரைத் திருத்தப் புறப்பட்டவள், அவர் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்புகிறாள்.

"நாக்கத் தூக்குங்க அண்ணாச்சி."

குனிந்து, அடியில் பார்க்கிறாள்.